கணினிக்குள் ஒரு தப்பு

வாத்தியக்காரன் என்று என்னைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. முப்பது வருஷ காலமாக வட்டகொடையிலும், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் தேர்த்திருவிழா என்றும் கலியாணம் என்றும் கீபோர்ட் வாசித்து வந்திருக்கிறேன் என்பது மெய்யேயாயினும், அந்தப் பெட்டியிலிருந்து எழுந்த வயலினும் புல்லாங்குழலும் எங்கோ ஒரு தேசத்தில் யாரோ சிலர் சமைத்து அடைத்து அனுப்பிய பண்டங்கள். இலக்கத்தை அமுக்கி இலையில் பரிமாறியது மாத்திரமே என் கைங்கரியம். பந்தி விசாரிக்கிறவன் சமையற்காரன் என்று பட்டம் சூட்டிக்கொள்ளலாமோ?

எங்கள் குடும்பத்தில் உண்மையாகச் சமைத்தவர் என் தாத்தா. விடியற்காலை இருட்டிலே, தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கூட்டும் பிரட்டுத் தப்பு அடித்து லயங்களை எழுப்பியவர் அவர். மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் ரதியும் மன்மதனும் ஆடுவதற்கு அவர் தப்புத்தான் தாளம். அவருடைய மூத்த பிள்ளையான என் அப்பாவோ, அந்தத் தோற்கருவி தம் தலையில் எந்தச் சாதிப் பெயரைச் சுமத்திற்று, எந்தத் திண்ணையில் உட்கார விடாமல் எழுப்பிற்று என்பதைக் கடைசிவரை மறக்கமாட்டாதவராய், தப்பை நான் தொடவும் கூடாதென்று விலக்கி, தவணைக் காசு கட்டி ஒரு கீபோர்டை வாங்கிக் கொடுத்தார். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர் பட்டது எனக்குத் தெரியும். தப்பு என் சித்தப்பாவின் கையோடு நின்றுபோயிற்று.

சென்ற தீபாவளிக்கு வந்திருந்த என் அக்காள் மகன், கொழும்பில் வேலை பார்ப்பவன், என்னுடைய பழைய லெப்டொப்பில் ‘கார்டினல்’ என்னும், ஒலி சமைக்கும் ஒரு மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஏற்றிவிட்டு, “சும்மா நோண்டிப் பாருங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போனான். ஆண்ட்ரூ பெல்ட் என்பவர் 2017இல் வெளியிட்ட ‘வி.சி.வி. ராக்’ என்பதே இதற்கு மூலம். அதைத் தனியே ஓட்டுவதற்குக் காசு வேண்டியதில்லை; பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளுக்குள் செருகி ஓட்டத்தக்க பிளகின் வடிவம் 2021இல் வந்தபோது, அதற்கு மட்டும் விலை வைத்தார்கள். ஆனால் ராக்கின் மூலநிரல் எவரும் எடுத்தாளத் தக்கதாகத் திறந்தே கிடந்தமையால், ஃபிலிப்பே கொயேலோ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அதை எடுத்து, நூற்றுக்கணக்கான மொடியூல்களை உள்ளேயே வைத்துக் கட்டி, 2022இல் இலவச பிளகினாக வெளியிட்டார்கள், அதுவே கார்டினல். கணக்குத் திறக்க வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை என்பது, மழை இருட்டிய மாத்திரத்தில் போனின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும் எங்கள் மலையில் எத்தனை பெரிய உபகாரம் என்பதை இங்கே குடியிருப்பவர்தாம் அறிவார்.

திறந்து பார்த்தேன். ஸ்வரக்கட்டை இல்லை, ‘வயலின்’ என்று எழுதிய பொத்தானும் இல்லை. இரும்புச் சட்டத்தில் திருகாணி முடுக்கியது போன்ற சில பலகைகள் (மொடியூல்கள் என்பவை இவையே), அவற்றில் குமிழ்கள், குமிழ்களுக்குக் கீழே துவாரங்கள், அவ்வளவே. ஒரு பலகை அலையைப் பிறப்பிக்கும். ஒன்று அந்த அலையின் மேல்நாதங்களை வடிகட்டும். ஒன்று ஒலியைக் கூட்டிக் குறைக்கும். இன்னொன்று அந்தக் கூட்டலும் குறைத்தலும் எவ்வளவு நேரத்தில் ஏறி எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஒன்றின் துவாரத்திலிருந்து மற்றதன் துவாரத்துக்கு வயரை நாமே இழுத்து மாட்ட வேண்டும். வயரில் ஓடுவதெல்லாம் மின்னழுத்தம், அதாவது மின்னழுத்தத்தைப் போலப் பாவனை செய்யும் எண்கள். ஒரு வோல்ட் கூடினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறும், ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாகப் பிளந்தால் ஒரு பங்கு அரை ஸ்வரம். இந்தச் சம்பிரதாயம் கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததன்று. 1964இல் அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்பவர் செய்த பெட்டிகளில் நிஜமான மின்சாரம் நிஜமான வயரில் இப்படித்தான் ஓடிற்று.

நானும் வயர் மாட்டினேன். இரண்டு மாலைப்பொழுது முழுதும் ஒரு சத்தமும் வரவில்லை.

முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன், பிறகு லெப்டொப்பைச் சந்தேகித்தேன், பிறகு மருமகனையே சந்தேகித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால், எந்த ஸ்வரம் என்று சொல்லும் வயரை மாட்டியிருக்கிறேனே தவிர, ‘இப்போது கட்டை அமுங்கியது’ என்று சொல்லும் வயரை மாட்டவேயில்லை. தோட்டத்தில் யார் யார் எந்த மலைக்குப் போவதென்று கணக்கப்பிள்ளை பெயர் பிரித்து வைத்துவிட்டார், கூடையும் கொங்காணியும் தயார். பிரட்டுத் தப்பை மட்டும் எவரும் அடிக்கவில்லை, ஆகையினால் ஒருவரும் லயத்தைவிட்டு வெளியே வரவில்லை என்றால் எப்படியோ, அப்படியாயிற்று என் காரியம். முப்பது வருஷம் கட்டையை அமுக்கிய எனக்கு, அமுக்குதல் ஒரு சங்கதி, ஸ்வரம் வேறொரு சங்கதி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கீபோர்டில் அவை இரண்டும் ஒட்டியே வருகின்றன. ஒட்டி வருவதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த வயர் வித்தை நம் பக்கத்துக்கு முற்றிலும் புதியது என்று நான் எண்ணியிருந்ததும் பிசகு. இந்தியாவில், அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில், டேவிட் டியூடர் என்னும் அமெரிக்கக் கலைஞரின் உதவியோடு 1969இலேயே மூக் பெட்டியொன்றை நிறுவியிருக்கிறார்கள். பகவாஜ் வாசித்த முதற்பெண்களுள் ஒருவரான கீதா சாராபாயும், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர் முதலியோரும் அதில் இழைத்த ஒலிகள், நாடாக்களாக அலமாரியில் நெடுங்காலம் உறங்கி, பால் பர்காஸ் என்பவர் கண்டெடுத்த பின்பு 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. அந்தக் காலத்தில் ஒரு நிறுவனம் முழுதும் சேர்ந்து வாங்கிய பொருளை, இன்று காம்பராவில் கட்டிலின்மேல் கால் நீட்டி உட்கார்ந்து மாட்டிக் கழற்றுகிறேன் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சற்றே பயமும் வருகிறது.

ஒலி வந்துவிட்ட பின் நான் செய்த முதல் பரீட்சை காந்தாரம். கோவில் திருவிழாவில் நாதஸ்வரக்காரரோடு சேர்ந்து வாசிக்கும்போதெல்லாம், அந்தர காந்தாரத்தில் அவர் நின்றால் என் கட்டை அவரோடு ஒட்டாமல் மேலே தொங்கும். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் ஒலியைக் குறைத்துக்கொண்டு தலையைக் குனிவேன். கார்டினலில் ரம்பப்பல் போன்ற அலையைத் தரும் இரண்டு பிறப்பிகளை எடுத்து, ஒன்றை ஸட்ஜமமாக 261.63 ஹேர்ட்ஸில் நிறுத்தி, மற்றதன் குமிழின்மேல் மவுசை வைத்து வலப்பொத்தானை அமுக்கி, கீபோர்டின் காந்தாரமான 329.63 என்ற எண்ணைத் தட்டினேன். இரண்டும் சேர்ந்து, மூடி சரியாகப் பொருந்தாத பானை கொதிப்பதைப் போல, விநாடிக்குப் பத்துத் தடவை படபடத்தன. பிறகு நான்குக்கு ஐந்து என்னும் சுத்தமான விகிதத்துக்கு உரிய 327.04ஐத் தட்டினேன். படபடப்பு அடங்கி, இரண்டு குரல் ஒரு குரலாகி, அறைக்குள் ஏதோ ஒரு ஜன்னலைச் சாத்தியது போன்ற அமைதி உண்டாயிற்று. வித்தியாசம் மூன்று ஹேர்ட்ஸுக்கும் குறைவு. ஸட்ஜமத்தின் ஐந்து மடங்கான மேல்நாதமும் காந்தாரத்தின் நான்கு மடங்கான மேல்நாதமும் ஒரே இடத்தில் வந்து அமர வேண்டியவை. கீபோர்டில் அவை பத்து ஹேர்ட்ஸ் விலகி உட்கார்ந்து சண்டை பிடிக்கின்றன.

பஞ்சமத்தில் இந்தத் தகராறு அநேகமாக இல்லை. ஒரு விநாடிக்கும் சற்று அதிகமான நேரத்துக்கு ஓர் அசைவுதான். ஆகவேதான் இத்தனை வருஷமும் பஞ்சமத்தில் நான் தைரியமாக நின்றிருக்கிறேன் போலும். காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் பெற்று, பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து ‘யாழ் நூல்’ எழுதிய விபுலாநந்த அடிகளின் புத்தகத்தை, 1947இல் வெளிவந்த அந்தப் பெரிய கிரந்தத்தை, இளமையில் ஒருமுறை எடுத்து, எண்களைக் கண்டு மிரண்டு மூடிவைத்தவன் நான். இப்போது அந்தப் பின்னங்களைப் பார்த்தால் அவை கணக்காகத் தெரியவில்லை; நாதஸ்வரக்காரரின் பார்வையாகத் தெரிகின்றன.

இவ்வளவும் ஆனபின், மனத்தின் மூலையில் முதலிலிருந்தே கிடந்த ஆசைக்கு வந்தேன். தப்பு செய்ய வேண்டும்.

மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணை, தோலின் மேல்நாதங்களை இழுத்து இசைக்கு இணங்கிய ஒழுங்கில் நிறுத்துகிறது என்பதைச் சி. வி. ராமன் ஆராய்ந்து 1920இல் எழுதியிருக்கிறார். தப்புக்குக் கரணை கிடையாது. வெறுந்தோலின் மேல்நாதங்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று அடக்கமாக ஏறாமல், அடிநாதத்தின் 1.59 மடங்கு, 2.14, 2.30, 2.65 என்று எந்த ஸ்வரத்துக்கும் கட்டுப்படாமல் சிதறுகின்றன. அந்தச் சிதறலே மலையைத் தாண்டிக் கேட்கும் அதன் முரட்டுக் கம்பீரம். ஆகவே ஐந்து பிறப்பிகளை எடுத்து, முதலாவதைக் கீழே வைத்து, ஏனையவற்றை 0.67, 1.10, 1.20, 1.41 வோல்ட் உயர்த்தி வைத்தேன். குச்சி படும் ‘சட்’டென்ற ஒலிக்கு, இரைச்சலை மட்டும் தரும் ஒரு பலகையிலிருந்து கண்ணிமைக்கும் நேரத்து இரைச்சல். அடித்த கணத்தில் தோல் அமுங்கி இழுபட்டுச் சற்றே ஸ்வரம் ஏறி இறங்குமே, அதற்கு ஒரு வயர். ஒவ்வொரு பலகையும் விநாடிக்கு 48,000 தடவை கணக்குப் போட வேண்டியிருந்ததனால், லெப்டொப்பின் காற்றாடி தேயிலை ஸ்டோர் மாதிரி இரைந்தது. பலகைகள் கூடக்கூட ஒலி பொரிந்து கிழிந்தது. சிலவற்றைக் கழற்றிப் போட்டேன். ஆறு இரவு இப்படிப் போயிற்று.

ஏழாம் நாள் மாலை, சித்தப்பா சாயத்தண்ணி குடிக்க வந்திருந்தார். வயது எண்பதைத் தொடுகிறது. காது மட்டும் கூர்மை. பிரட்டுக்கு அடிக்கும் அடியை மெல்ல ஓடவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை.

“தோலு ஈரமா இருக்கு தம்பி,” என்றார். “காய்ச்சாம அடிக்கிற.”

எனக்கு உடல் சிலிர்த்தது. தோலே இல்லாத இடத்தில் ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டாரே! வெளியே தூறல், கிரேட் வெஸ்டர்ன் மலை பாதிக்குமேல் மூடுபனிக்குள் போயிருந்தது. இந்தச் சீதோஷ்ணத்தில் தாத்தா சருகும் விறகும் கூட்டி மூட்டி, தப்பைத் தீயின்மேல் திருப்பித் திருப்பிப் பிடித்து, விரல் நுனியால் தட்டித் தட்டிக் கேட்டதை நான் சிறு பையனாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஈரம் போனால் தோல் இறுகும். இறுக்கம் நான்கு மடங்கானால்தான் ஸ்வரம் இரட்டிக்கும் என்கிறது பௌதிகம். ஆகையால் கொஞ்சம் ஸ்வரம் ஏறுவதற்கே நிறையத் தீ வேண்டும். நான் அமைத்திருந்த ஐந்து பிறப்பிகளுக்கும் ஒரே மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தமையால், அதற்கு உரிய ஒரு குமிழைத் திருப்பினால் ஐந்தும் தம் விகிதம் கெடாமல் ஒன்றாக ஏறும். அந்தக் குமிழைத் திருப்பினேன். மேல்நாதங்களை மூடியிருந்த வடிகட்டியையும் சற்றுத் திறந்தேன்.

“ம்... ம்... இன்னும் கொஞ்சம்.” திருப்பினேன். “போதும், போதும், கிழிஞ்சிரும்!” என்று கையை நீட்டித் தடுத்தார், நெருப்பிலிருந்து இழுப்பவரைப்போல.

சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “எடது கை எங்க?” என்றார்.

“என்ன சித்தப்பா?”

“அடிகுச்சி மட்டுந்தான் கேக்குது. சிம்புக்குச்சி எங்க? ஒத்தக் கையாலயா ஒந் தாத்தா அடிச்சாரு?”

வலக்கையில் கட்டையான அடிகுச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி. ஒன்று தோலின் வயிற்றில் விழ, மற்றது மேல்விளிம்பைச் சுண்டிக்கொண்டே இருக்கும். ஆறு இரவு உட்கார்ந்து எண்ணிய எனக்கு அந்த இடக்கை ஞாபகத்துக்கே வரவில்லை. வேறொரு தொகுதி பலகைகள் கட்ட வேண்டும். லெப்டொப் தாங்காது என்பதை அந்தக் காற்றாடியின் இரைச்சலே சொல்லிற்று. நான் அதை விளக்கத் தொடங்குமுன்னே, சித்தப்பா மேசையிலிருந்த என் பேனாவை எடுத்து, இடக்கையில் தளரப் பிடித்து, மேசை விளிம்பில் சுண்டத் தொடங்கியிருந்தார். நாலு அடி பொருந்திற்று, ஐந்தாவது தவறிற்று.

“வேகத்தக் கொற,” என்றார். “இது ஓடுது. பிரட்டுத் தப்பு நடக்கணும்.”

வேகத்துக்கு உரிய குமிழ் எந்தப் பலகையில் இருக்கிறதென்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குக் காத்திராமல் தம் வேகத்திலேயே சுண்டிக்கொண்டிருந்தார்.