செலவு யார் கணக்கில்?

ரெய்க்யவிக் நகரின் நடுவே, பாங்கஸ்ட்ரைட்டி என்ற தெருவில், கதவிலக்கம் பூஜ்யம் என்று ஓர் இடம் இருக்கிறது. படியிறங்கிப் போனால் பழைய பொதுக் கழிப்பறை. 2006-இல் மூடப்பட்ட அந்தக் கழிப்பறைதான் 2016 முதல் ஐஸ்லாந்தின் பங்க் இசை அருங்காட்சியகம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஜான் லைடன் வந்து திறந்துவைத்தார். தடுப்புச் சுவர்கள் முழுக்கப் புகைப்படங்களும் சுவரொட்டிகளும். கூரையிலிருந்து ஹெட்ஃபோன்கள் தொங்குகின்றன. எதை எடுத்துக் காதில் மாட்டினாலும் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து உறவினர் யார் வந்தாலும், அருவிக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் முன்பாக அவர்களை நான் கூட்டிப்போவது இங்கேதான். எனக்குச் சோறு போடும் இந்த நாட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது.

பங்க் முளைத்த காலத்து ஐஸ்லாந்தைப் பற்றிச் சொன்னால் இன்று வரும் சுற்றுலாப் பயணி நம்பமாட்டார். வானொலியும் தொலைக்காட்சியும் 1986 வரை அரசுடையவை மட்டுமே. வியாழக்கிழமைகளில் அரசுத் தொலைக்காட்சியும் கிடையாது. 1987 வரை அந்த வியாழக்கிழமை விடுமுறை நீடித்தது. பீருக்கு இருந்த தடை நீங்கியது 1989 மார்ச் 1-ஆம் தேதி. 1983-இல் பணவீக்கம் 80 சதவீதத்தைத் தாண்டியது. வங்கிகளில் அரசியல் கட்சிகளின் கை ஓங்கியிருந்தது. கடன் வேண்டுமென்றால் ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

மூச்சுமுட்டிய அந்த ஊரில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு கூட்டங்கள் கிளம்பின. முதலாவது, பங்க் இளைஞர்கள். 1978-இல் பக்கத்து ஊரான கோபவோகூரில் ஃப்ரைப்ளார்னிர் என்ற குழு தொடங்கியது. மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்த பூபி மோர்த்தென்ஸ், அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பாட்டாக்கினார். 1982-இல் வெளியான ‘ரொக் இ ரெய்க்யவிக்’ ஆவணப்படத்தில் பாடகி பியொர்க் பதின்வயதில் பாடுவதை இன்றும் பார்க்கலாம்.

இரண்டாவது கூட்டம் கோட்டு போட்டது. சந்தைப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஃப்ரீட்ரிக் ஹயெக்கின் எண்பதாவது பிறந்தநாளான 1979 மே 8 அன்று, ஹன்னெஸ் கிஸ்ஸூரார்சன் போன்ற இளைஞர்கள் சுதந்திரவாதிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஹயெக் நேரில் வந்து பேசினார். 1984-இல் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தால் அரசு வானொலி ஓய்ந்தபோது, ஹன்னெஸும் நண்பர்களும் உரிமம் இல்லாமல் ஒரு வானொலி நடத்தினார்கள். போலீஸ் வந்து மூடியது, அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் 1986-இல் வானொலி மீதான அரசின் ஏகபோகம் முடிவுக்கு வந்தது.

திருட்டு வானொலி, பங்க் பிள்ளைகள் செய்திருக்க வேண்டிய காரியம். செய்தவர்கள் ஹயெக்கின் சீடர்கள். சந்தைக்காரர்கள் செய்திருக்க வேண்டியதைப் பங்க் பிள்ளைகளும் செய்தார்கள். 1986 அக்டோபரில் ரீகனும் கோர்பசேவும் ரெய்க்யவிக்கில் சந்தித்தபோது, பியொர்க், எய்னர் ஓர்ன் முதலியோர் தொடங்கியிருந்த ‘ஸ்மெக்லெய்சா’ அமைப்பு அந்தச் சந்திப்பை வரைந்த அஞ்சலட்டையை அச்சிட்டு விற்றது. அந்தக் காசில்தான் அவர்களுடைய சுகர்கியூப்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை, மானியமும் கேட்கவில்லை. அட்டை விற்காமல் போயிருந்தால் நஷ்டம் அவர்களோடு போயிருக்கும்.

இந்தக் கடைசி வரியில்தான் என் பேச்சு முழுவதும் இருக்கிறது. 1984-இல் சந்தைப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இங்கே வந்து தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்தார். எதிரே மூன்று சமூக அறிவியலாளர்கள். அவர்களில் ஒருவர் ஓலாஃபுர் ராக்னர் கிரிம்சன். இலவசமாக நடந்துவந்த உரைகளுக்கு நடுவே உங்கள் உரைக்கு மட்டும் கட்டணமா என்று அவர்கள் தரப்பில் கேள்வி வந்தது. உரை நடத்தச் செலவு உண்டு. கேட்க வந்தவர் கொடுக்க வேண்டுமா, வராதவர் தலையில் கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி என்றார் ஃப்ரீட்மன். நான் தொழிற்சங்கத்துக்காரி. ஆனாலும் அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். அந்தச் சிந்தனையின் பெயரால் ஆண்டவர்கள்தான் அதைப் பாதி வழியில் மறந்தார்கள்.

அந்த மறதி மீனிலிருந்தே தொடங்கிவிட்டது. 1984-இல் மீன்பிடி ஒதுக்கீடு வந்தது. முந்தைய மூன்றாண்டுகளில் யார் எவ்வளவு பிடித்தார்களோ அதை வைத்து, படகு உரிமையாளர்களுக்குக் கட்டணமில்லாமல் பங்கு கிடைத்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பங்குகளைத் தாராளமாக விற்கவும் வாங்கவும் வழிவிட்டது. கடலில் மீன் அழியாமல் காக்க இது உதவியதை மறுக்க முடியாது. ஆனால் பங்கு கைமாறிப் போன சிறு துறைமுகங்களில் ஆலைகள் மூடின. மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மீன் வராத கரை எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மீனை அறுத்த கைகளுக்கு அந்தப் பங்கில் ஒரு துளியும் எழுதப்படவில்லை.

பிறகு வங்கிகள் தனியார் கைக்குப் போயின. 2008 அக்டோபரில், நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் ஒன்பது பத்து மடங்காக ஊதியிருந்த மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு சரிந்தது. விலைவாசியோடும் வெளிநாட்டு நாணயத்தோடும் இணைத்துக் கொடுக்கப்பட்ட வீட்டுக்கடன்கள், கட்டக் கட்ட ஏறின. விருந்துக்கே போகாதவர்கள் வீட்டுக்குப் பில் வந்தது. அரசு கொடுத்த உத்தரவாதமே வங்கிகளைக் கெடுத்தது, சந்தையைக் குறை சொல்லாதீர்கள் என்பது சந்தை ஆதரவாளர் சிலரின் வாதம். அப்படியே வைத்துக்கொண்டாலும், லாபம் வந்த ஆண்டுகளில் அந்த உத்தரவாதத்தை வேண்டாம் என்ற வங்கிக்காரர் ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகளில் பாடகர் ஹோர்துர் தோர்ஃபசன் நாடாளுமன்றத்தின் முன் மக்களைக் கூட்டினார். 1975-இல் தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கான ஏச்சையெல்லாம் தனியாகத் தாங்கியவர் அவர். 2009 ஜனவரி 20 அன்று நாடாளுமன்றம் கூடியபோது ஜனங்கள் சட்டியும் பானையும் கரண்டியுமாக வந்து தட்டினார்கள். இரவு முழுக்கத் தீ எரிந்தது. அதற்கடுத்த நாட்களில், 1949-க்குப் பிறகு முதல் முறையாகப் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. ஒரு வாரத்துக்குள் அரசு விழுந்தது.

அந்த ஆண்டின் இறுதியில், விழுந்த வங்கி ஒன்றின் வெளிநாட்டு வைப்பாளர்களுக்கான ஐஸ்சேவ் கடனை மக்கள் தலையில் எழுதும் சட்டம் வந்தது. 2010 தொடக்கத்தில் கையெழுத்திட மறுத்து அதை வாக்கெடுப்புக்கு அனுப்பியவர் குடியரசுத் தலைவர். 1984-இல் ஃப்ரீட்மன் எதிரே உட்கார்ந்திருந்த அதே ஓலாஃபுர் ராக்னர்தான் அவர். வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ‘முடியாது’ என்றார்கள். அந்த மே மாதத் தேர்தலில் வென்று, பங்க் பிள்ளையாக வளர்ந்து நகைச்சுவை நடிகரான யோன் க்னார் ரெய்க்யவிக் மேயரானார். சுகர்கியூப்ஸின் எய்னர் ஓர்ன் மாமன்ற உறுப்பினரானார். கடனில் மூழ்கியிருந்த நகர எரிசக்தி நிறுவனம் அவர்கள் கைக்கு வந்தது. கட்டணத்தை உயர்த்தினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். ஒளிந்துகொள்ளாமல் வசவை வாங்கிக்கொண்டார்கள். பிறர் செய்த செலவை ஏற்று நடத்துவது எவ்வளவு கசப்பான வேலை என்பதை அந்தக் குழு காட்டியது.

நான் வந்து சேர்ந்தது சுற்றுலா பெருகிய காலத்தில். அப்போது மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த நாட்டுக்கு 2018-இல் 23 லட்சம் பேர் வந்தார்கள். நான் அறைகளைத் துப்புரவு செய்த ஹோட்டலில், கனமான மெத்தையைத் தூக்கி விரிப்பு செருகிச் செருகி மணிக்கட்டு வீங்கிய பெண்களே அதிகம்: போலந்துக்காரிகள், பிலிப்பைன்ஸ்காரிகள், நான். 2019 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, எஃப்லிங் தொழிற்சங்கத்தின் அழைப்பில் நாங்கள் வேலையை நிறுத்தி வாசலில் நின்றோம். மூன்று மொழிகளில் தட்டிகள். மேலாளரே அன்றைக்கு மெத்தை விரித்தார். எங்கள் உடம்பு ஏற்றுவந்த செலவு, ஒரு நாளாவது உரியவர் கணக்கில் ஏறியது.

சந்தை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் தோழர்கள் எனக்கு உண்டு. நான் சுளிப்பதில்லை. அஞ்சலட்டை விற்று இசைத்தட்டு போட்ட பிள்ளைகளையும், ஏகபோகத்தை உடைக்க அபராதம் கட்டிய வானொலிக்காரர்களையும் ஒரே மரியாதையோடு நினைக்கிறேன். நினைத்ததைச் செய்தார்கள், விளைவைத் தாங்களே சுமந்தார்கள். லாபத்தை மட்டும் தன்னுடையது என்பவருக்குச் சுதந்திரம் பற்றிப் பேச உரிமையில்லை. 2022 முதல், மூன்றாண்டு வசித்த வெளிநாட்டவருக்கும் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு. புது ஹோட்டல், புதுத் துறைமுகம், புது வரிச்சலுகை என்று எதைச் சொல்லி வேட்பாளர் வந்தாலும், நஷ்டமானால் யார் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தயங்குபவருக்கு என் வாக்கு கிடையாது.