வெம்மையும் தரையும்

வெப்ப நாடுகளில் வாழ்வோர் தரையிடம் குளிர்ச்சியையே வேண்டுவர். ஆதலின் தளவிரிப்பைத் தெரிவுசெய்யுமிடத்து நிறத்தையும் விலையையும் நோக்குவதோடு அமைவர். தரையின் கீழ் நெருப்பை ஓடவிட்டு வாழ்ந்த கொரிய மக்களுக்கோ அத்தெரிவு உயிரோடு தொடர்புற்றதாய் இருந்தது.

கொரியரின் மரபுவழிக் கணப்புமுறை ‘ஒண்டொல்’ எனப்படும். சமையலறை அடுப்பிலெழும் அனலும் புகையும் தரையின் கீழமைந்த வழிகளூடாகச் சென்று, மறுபுறத்துப் புகைபோக்கியால் வெளியேறும். அவ்வழிகளை மூடிய கற்பலகைகளின்மேல் மண் பூசி, கடதாசியைப் பல அடுக்காக ஒட்டி, எண்ணெயூட்டிப் பதப்படுத்துவர். ‘சாங்பான்’ எனப்பட்ட அக்கடதாசித் தளம் வெம்மையை மேலே விடவேண்டும், புகையை விடலாகாது. தளவிரிப்பின் இலக்கணம் இவ்விரண்டனுள் அடங்கும்.

அடுப்பை அண்டிய பகுதியே அறையில் மிகுந்த சூடுடையது. அது முதியோருக்கும் விருந்தினருக்கும் உரிய இடமாகும். பிந்தி வீடு திரும்புபவருக்கான சோற்றுக்கிண்ணத்தையும் அங்கேயே போர்வையால் மூடிவைப்பர். அவ்விடத்துக் கடதாசி நாளடைவிற் பழுப்பேறிக் கருகும். அந்தக் கறையைக் கண்டே வீட்டுப் பெரியவர் அமருமிடத்தை அறியலாம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின்னர் விறகின் இடத்தைத் துளையிட்ட நிலக்கரிக் கட்டிகள் பெற்றன. அவை எரிகையில் உண்டாகும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. தரையிலுள்ள சிறு வெடிப்பினூடே அது அறையுட் புக, உறங்கச் சென்றோர் பலர் எழாமற் போயினர். 1960களிலும் 1970களிலும் குளிர்காலந்தோறும் இத்துயரம் நிகழ்ந்தது. சூடாக்கிய நீரைக் குழாய்வழியே சீமெந்துத் தரையினுட் செலுத்தும் முறை பரவப் பரவ இவ்வச்சம் தணிந்தது. கடதாசியின் இடத்தையும் வைனைல் விரிப்புப் பெற்றது. மக்கள் அதனையும் ‘சாங்பான்’ என்றே அழைத்தனர்.

வைனைலை மலிவான போலியென இகழ்வாருளர். ஆயின் பழைய பெயர் அதற்குப் பொருந்தும். சில மில்லிமீற்றர் தடிப்பே கொண்ட அது தடித்த கம்பளத்தைப்போல் வெம்மையைத் தடுப்பதில்லை, ஈரத்தாற் கெடுவதுமில்லை. கடதாசி ஆற்றிய பணியைக் குறைந்த செலவில் ஆற்றி, வறியோர் வீட்டுக்கும் எட்டியது. எனினும் அதற்கும் வரம்புண்டு. சூடு மிகுந்தால் வைனைல் இளகும், விரிந்து மேலெழும். தரையின் மேற்பரப்பு 27 பாகை செல்சியசைக் கடக்கலாகாதென உற்பத்தியாளர் பலர் விதிப்பது இதனாலேயே. அதனை நெகிழச்செய்யச் சேர்க்கும் தலேற்றுகள் சூட்டினாற் காற்றிற் கலக்கக்கூடியன. எனவே குழந்தை தவழும் வீட்டுக்கு அவை சேராத விரிப்பே தக்கது. வெம்மையை விடு, நச்சை விடாதே என்ற பழைய விதி இன்றும் மாறவில்லை.

மாறியது வேறொன்று. குழாய்நீர் அறை முழுவதையும் ஏறத்தாழ ஒரே அளவிற் சூடாக்குகிறது; முதியோருக்கெனத் தனியிடம் ஒன்றை அது ஒதுக்குவதில்லை. 2018இல் தென்கொரிய அரசு ஒண்டொற் பண்பாட்டைத் தேசிய மரபுரிமையாக அறிவித்தது. அறிவிப்பு மரபின் பெயரைக் காக்கும். ஆனால், பிந்தி வருபவருக்குச் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் கடன் இனி வீட்டாரையே சாரும்.