இங்கிலீஷ் தெரிந்தால்தான் புரோகிராம் எழுத முடியுமா, தம்பி?

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள தம்பிக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பாவுக்குக் கால்வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. முகூர்த்தப் புடவை ஒன்று தறியில் இருக்கிறது. முந்தியை முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் வருவேன் என்கிறார்.

"தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கக் கூடாது அக்கா, புரோகிராமிங் எல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்குத்தான்" என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து அது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்க உனக்கு வசதியாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

உன்னை மிரட்டுகிற இங்கிலீஷ் எவ்வளவு என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சிறப்புச் சொற்கள் மொத்தம் 35. சி மொழியின் 1989 தரப்படி 32. அவ்வளவுதான். அந்த 35-லும் டெஃப், எலிஃப் மாதிரி சில, சுருக்கி ஒட்டிய துண்டுச் சொற்கள். லாம்டா ஒரு கிரேக்க எழுத்து. அலான்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1930-களில் தன் கணக்குக் குறியீட்டில் கையாண்டது, பிறகு கணினிக்கு வந்தது. கான்வென்ட்டில் படித்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனும் இவற்றைப் புதிதாகத்தான் கற்றிருப்பான்.

ஏற்கெனவே தெரிந்த சொற்கள் சில சமயம் அவனையும் தடுமாற வைக்கும். பைத்தானில் பாஸ் என்றால் தேர்ச்சி கிடையாது, 'இங்கே எதுவும் செய்ய வேண்டாம், மேலே போ' என்று அர்த்தம். நான் பாடம் எடுக்கும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைத்தானின் எக்ஸெப்ட்டும் இங்கிலீஷ் அக்ஸெப்ட்டும் காதில் ஒன்றாகவே விழுந்தன. 'ஏற்றுக்கொள்' என்று நோட்டில் பொருள் எழுதி வைத்திருந்தார்கள். நான் அதை அடித்துத் திருத்தவில்லை. லேபுக்குக் கூட்டிப்போய், ட்ரை பகுதியில் ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னேன். எக்ஸெப்ட் பகுதியில் 'பூஜ்யத்தால் வகுக்க முடியாது' என்று அச்சிடும்படி எழுதச் சொன்னேன். ஓட்டினார்கள். புரோகிராம் நின்றுபோகாமல் அந்தத் தமிழ் வரி திரையில் வந்தது. பிழை வந்தால் தாங்கிப் பிடிக்கிற இடம் அது என்று அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தறிச் சொற்களை அப்பா எப்படிக் கற்றார் என்று யோசித்துப் பார். ஜக்கார்டு, ஹூக், டிசைன், பார்டர் என்று நாள் முழுக்கச் சொல்கிறவர் அவர். ஜக்கார்டு என்பது பிரான்சில் லியோன் நகரத்து ஆளின் பெயர், 1804-இல் தறிக்கு அந்தக் கருவியைக் கொண்டுவந்தவர் என்று அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் அது வேலை செய்யும் விதம் அவருக்குத் தெரியும். டிசைன் அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே ஏறும், அதில் கட்டிய பாவு இழை தூக்கிக்கொள்ளும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி கீழேயே நின்றுவிடும். எந்த அட்டையில் ஓட்டை தவறினால் பார்டரில் எந்த அன்னப்பட்சியின் மூக்கு உடையும் என்று அவர் கை வைத்துக் காட்டுவார். சொல் அவருக்குப் பொருளோடு சேர்ந்து வந்தது. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் அனலிட்டிகல் எஞ்சின் என்ற தன்னுடைய கணக்கு எந்திரத்துக்கும் அட்டை வழியாகவே கட்டளை கொடுக்கத் திட்டம் போட்டார். 1843-இல் அடா லவ்லேஸ் அதை விளக்கி எழுதியபோது ஜக்கார்டு தறியைத்தான் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கை எண்ணுவதற்கு ஹாலரித் என்பவர் பயன்படுத்தியதும் ஓட்டை போட்ட அட்டைதான். உன் புத்தகத்தில் இதெல்லாம் கணினி வரலாறு என்று இரண்டு பத்தியில் முடிந்துபோகும். மற்றவர்கள் அதைப் படமாகப் பார்ப்பார்கள். நீயோ அந்த அட்டைகளை வரிசை மாறாமல் அடுக்கி நூல் கோத்துக் கொடுத்த பிள்ளை.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புரோகிராமிங் மொழிகளை உண்டாக்கியவர்களில் பலருக்கு இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. பைத்தானை 1991-இல் வெளியிட்ட கீடோ வான் ராசம் நெதர்லாந்துக்காரர். சி பிளஸ் பிளஸ் எழுதிய ஸ்ட்ரோவ்ஸ்ட்ரப் டென்மார்க்கில் பிறந்தவர். லுவா 1993-இல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவின் ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரூபியை 1995-இல் கொண்டுவந்த மட்சுமோட்டோ ஜப்பானியர். முதல் சில ஆண்டுகள் ரூபியைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் கிடைத்தது. நம் தமிழிலும் முத்து அண்ணாமலை 'எழில்' என்று ஒரு நிரல் மொழி செய்திருக்கிறார். 2009-இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். அதில் நிபந்தனை முன்னால் வரும், 'ஆனால்' என்ற சொல் அதற்குப் பின்னால் வரும், நாம் பேசுகிற வரிசையிலேயே. ஒருநாள் அதில் சின்னதாக ஏதாவது எழுதிப் பார். புரோகிராம் எழுதத் தேவையான யோசனை தமிழில் உனக்குத் தடையில்லாமல் ஓடுகிறது என்று நீயே கண்டுகொள்வாய்.

அதற்காக இங்கிலீஷே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது கட்டாயம் வேண்டும். ஆனால் உனக்கு இடிக்கிற இடம் அந்த 35 சொற்களில் இல்லை. பிழைச் செய்தியிலும் விளக்கக் குறிப்புகளிலும்தான் இருக்கிறது. அங்கே உழைக்க வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். 2008-இல் வந்த பைத்தான் 3-இலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'நிறங்கள்' என்று ஒரு பட்டியல் எழுது. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம் என்று நான்கு நிறம் போடு. பிறகு நிறங்கள்[4] என்று கேள். 'இண்டெக்ஸ்எரர்: லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று திட்டும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் எம்.எஸ். நீலத்துக்கு எண் 3. எண் 4-இல் ஒன்றுமே இல்லை. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்பது உனக்கு இனி ஆயுசுக்கும் மறக்காது. அகராதியில் பார்த்திருந்தால் சாயங்காலமே மறந்திருக்கும். அதே மாதிரி, இரண்டு மதிப்பு கேட்கிற செயற்கூறுக்கு வேண்டுமென்றே மூன்று கொடு. 'டேக்ஸ் 2 பொசிஷனல் ஆர்கியுமென்ட்ஸ் பட் 3 வேர் கிவன்' என்று வரும். பொசிஷனல், ஆர்கியுமென்ட், கிவன் மூன்றும் ஒரே வரியில் உன் கைக்கு வந்துவிட்டன. மிஸ்ஸிங், எக்ஸ்பெக்டெட், அன்சப்போர்ட்டட், இன்வேலிட், டிஃபைன்ட் என்று திரும்பத் திரும்ப வருகிற கூட்டம் சின்னதுதான். ஒரு செமஸ்டர் போதும்.

இதற்கென்று தனியாக ஒரு நோட்டு போடு. சொல் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம் என்று கோடு கிழிக்காதே. பிழை வந்த வரியை அப்படியே எழுது. எதனால் வந்தது, எதை மாற்றியதும் சரியானது என்று கீழே தமிழில் எழுது. நம் பாடநூலில் படித்த செயற்கூறு, மடக்கு, அணி, இனக்குழு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதே. அவற்றால்தான் உனக்கு விஷயம் புரிந்தது. நேர்முகத் தேர்வில் ஃபங்ஷன், லூப், அரே, கிளாஸ் என்று கேட்பார்கள் என்பதால் அந்தப் பெயர்களையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறேன் என்றாயே, இந்த வருஷம் வேண்டாம். அதற்கு ஆகும் நேரத்தை லேபில் செலவழி. சரளமாகப் பேச வருவது நல்ல விஷயம்தான், அதற்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. புரோகிராம் எழுத இன்று உனக்கு வேண்டியது வாசிக்கிற இங்கிலீஷ்.

தமிழில் கற்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கணியம் தளம் வெளியிட்ட, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' மின்னூல் இலவசம். அடுத்த வருஷம் டேட்டாபேஸ் பாடம் வரும்போது முதலில் அதைப் படி, பிறகு கல்லூரிப் புத்தகத்தைத் திற. நம் ஊர்ப் பெயரிலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. தமிழில்தான் பேசிக்கொள்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் கேட்பதற்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். லீவுக்கு வரும்போது உன்னை அவர்களோடு சேர்த்துவிடுகிறேன்.

வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. இங்கிலீஷில் கேட்க வராவிட்டால் தமிழில் கேள். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், உனக்குப் பதில் வந்தால் போதும். இந்த வாரம் உனக்கு வந்த பிழைகளில் ஐந்தை நான் சொன்ன மாதிரி நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் எடுத்து எனக்கு அனுப்பு. காத்திருப்பேன்.

உன் அன்பு அக்கா