பெல்ட் கத்தினால் இன்ஜின் போச்சா?

பழைய காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் போதும், தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். 'பெல்ட்ல சோப்பைத் தேய்ங்க', 'பவுடர் போடுங்க', 'பேசாம வித்துடுங்க'. போன ஐப்பசியில் எங்கள் சேலையூர் வீட்டு மாருதி 800-க்கும் இந்த ஆலோசனைகள் எல்லாம் கிடைத்தன.

1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. மாமனார் ரயில்வேயில் இருந்தபோது வாங்கியது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார்; 2014 ஜனவரியோடு உற்பத்தியே நின்றுவிட்டது. எங்களுடையது மட்டும் ஓடியே ஆக வேண்டும். மாமாவுக்கு வாரத்தில் 3 நாள் டயாலிசிஸ். காலை 6 மணிக்கு குரோம்பேட்டையில் இருக்க வேண்டும். விடியற்காலையில் புக் செய்த டாக்ஸி கடைசி நிமிடத்தில் கேன்சல் ஆனால் என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை தவறினாலும் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு மாமாவுக்கு மூச்சுவாங்கும். அதனால் டிரைவர் நான், ஆம்புலன்ஸ் இந்த 800.

தொந்தரவு இரண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் தெருவையே எழுப்பும் 'கிறீச்', இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம், ஜிஎஸ்டி ரோடு சிக்னலில் நிற்கும்போது வண்டி முழுக்க ஓர் உதறல். சில நாள் அணைந்தே போய்விடும்.

முதலில் காட்டிய இடத்தில் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "இன்ஜின் போச்சு மேடம். இறக்கணும். முப்பத்தஞ்சாயிரம் ஆகும்." வண்டியை விற்றால்கூட அவ்வளவு வராது. "கொடுத்துடலாம்" என்றார் என் கணவர். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் பழைய மாருதி மட்டும் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். அவர் பானெட்டைத் தொடவே இல்லை. முதலில் கேள்விகள்தான். "எப்பம்மா கத்துது? காலைல மட்டுமா? ஹெட்லைட் போட்டா ஜாஸ்தியாகுதா? மழை பேஞ்சா உதறல் அதிகமாகுதா?" எல்லாவற்றுக்கும் ஆமாம். டாக்டர்கள்கூட இப்போது இவ்வளவு கேட்பதில்லை.

விஷயம் இதுதான். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் இருந்து நிறைய கரன்ட் போய்விடுகிறது. அதைத் திரும்ப நிரப்புவது ஆல்டர்னேட்டரின் வேலை. இருட்டு நேரம் என்பதால் ஹெட்லைட் பாரமும் சேர, அதைச் சுற்றுவது கனமாகிறது. தளர்ந்த பெல்ட் புல்லியைப் பிடிக்க முடியாமல் வழுக்குகிறது. வழுக்கும் ரப்பர் கத்துகிறது. பேட்டரி தேறியதும் பாரம் குறைந்து சத்தம் அடங்கிவிடுகிறது.

பாய் ஓடும் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். சத்தம் இன்னும் கூடியது. டென்ஷன் போதவில்லை என்பதற்கு அது அடையாளமாம். பிறகு பெல்ட்டையே கழற்றிவிட்டு இன்ஜினை 20 விநாடி ஓடவிட்டார். (அதற்கு மேல் ஓட்டக் கூடாது, வாட்டர் பம்ப் சுற்றாது.) கிறீச் சுத்தமாகக் காணோம். உதறல் மட்டும் அப்படியே இருந்தது.

"ரெண்டு வியாதிம்மா. ஒண்ணுன்னு நினைச்சுட்டாங்க."

ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் கையால் சுற்றிப் பார்த்தார். அரைபடும் சத்தம் இல்லை. பேரிங் நன்றாக இருந்தது. பழைய பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தன, உட்புறம் வெடிப்பு. புதுசு மாட்டி, கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 1 செ.மீ. உள்ளே போகிற அளவுக்கு இறுக்கினார். கத்தக் கூடாது என்று மேலும் முறுக்கினால் பேரிங் போய்விடுமாம். சோப்பு, பவுடர் எல்லாம் ஒரு நாள் கூத்து.

உதறலுக்கு வேறு வைத்தியம். இன்ஜின் ஓடும்போதே பிளக் வயர்களை இன்சுலேஷன் போட்ட கட்டிங் பிளேயரால் ஒவ்வொன்றாக எடுத்தார் (ஷாக் அடிக்கும், நீங்கள் முயலாதீர்கள்). முதல் வயரையும் மூன்றாவதையும் எடுத்தபோது இன்ஜின் தடுமாறியது. நடு வயரை எடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. அந்த சிலிண்டர் முன்பே வேலைநிறுத்தத்தில் இருந்திருக்கிறது! ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, அந்த வயர் மேல் லேசாகத் தண்ணீர் தூவினார். வெடிப்பில் நீலப் பொறி ஊர்ந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே கசிகிறது. மழை ஈரத்தில் இன்னும் மோசம். முடிச்சூர், வரதராஜபுரம் வெள்ளம் பார்த்த வண்டிகள் இதற்காகவே வரிசை கட்டுமாம்.

பெல்ட், வயர் செட், பிளக், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய்.

பணம் வாங்கும்போது ஓர் எச்சரிக்கை சொன்னார். இந்த வண்டியில் வாட்டர் பம்புக்கும் அதே பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், ஹீட் முள் ஏறும். 'வீடு வரைக்கும் போயிடலாம்' என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். "அப்ப நிஜமாவே இன்ஜினை இறக்கணும்."

மறுநாள் காலை 5.15-க்கு கிறீச் இல்லாமல் கிளம்பினோம். மாமா கண்ணை மூடி சிக்னல் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். "மூணு சிலிண்டர் வண்டி, இவ்வளவு நடுக்கம் இருக்கத்தான்மா செய்யும்" என்றார்.

2027-ல் மறுபதிவு வருகிறது. 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். கட்டுவதா வேண்டாமா என்று என் கணவர் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் ஒரு ஸ்பேர் பெல்ட் வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன்.