கல்சியம் குளிசையும் எங்கட ஸ்டாஃப் ரூமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பது தாண்டிய ராத்தாமாரும், வயதான உம்மா வீட்டில் இருக்கிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கட ஸ்டாஃப் ரூம் அலுமாரியில் சோக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இப்போது நாலு வகைக் கல்சியம் போத்தல் இருக்கிறது. பதினொரு ஆசிரியைகளில் ஏழு பேர் ஏதோ ஒன்று போடுகிறார்கள். டொக்டர் எழுதிக் கொடுத்துப் போடுகிறவர்கள் இரண்டே பேர். மற்றவர்களைக் கேட்டால், "எதுக்கும் நல்லதுதானே டீச்சர்" என்பார்கள்.

எதற்கு நல்லது, யாருக்கு நல்லது என்று நாங்கள் தேட வெளிக்கிட்டது, எங்களோடு படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு மூத்த ராத்தாவால். வுழூ எடுக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒப்பரேஷன் முடிந்து வரும்போது டொக்டர் கிழமைக்கு ஒன்று போடுகிற ஒரு குளிசையும், அதோடு கல்சியமும் விட்டமின் டியும் எழுதிக் கொடுத்திருந்தார். கொஞ்ச நாளில் வீடு வீடாக விற்கிற ஒருவர் வந்து, "இங்கிலிஷ் மருந்து கிட்னிக்குக் கூடாது, இந்த மா ஒன்டே காணும்" என்று ஒரு டின்னைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். ராத்தா கிழமைக் குளிசையை நிற்பாட்டிவிட்டார். ஐந்து மாதம். நாங்கள் சுகம் விசாரிக்கப் போன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது.

நிற்பாட்டக் கூடாதது அந்தக் குளிசைதான். பெயர் அலென்ட்ரோனேட். எங்கள் உடம்பு பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டும் புதிதைக் கட்டிக்கொண்டும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு கரைகிற வேகம் கூடிவிடும். அந்த வேகத்தைக் குறைப்பது இந்த மருந்து. கல்சியம் வெறும் கல்லும் மண்ணும்தான். வீட்டை ஒருவன் இடித்துக்கொண்டே இருந்தால் முற்றத்தில் எவ்வளவு கல் குவித்து என்ன? போடுகிற முறையும் முக்கியம்: காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலமாவது படுக்காமலும் ஒன்றும் சாப்பிடாமலும் இருக்க வேண்டும். பாலோடோ கல்சியத்தோடோ சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஒழுங்காகச் சேராது. ராத்தாவை மகன் திரும்பக் கிளினிக்குக் கூட்டிப் போய் இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பாத்ரூமில் கைபிடிக் கம்பியும் ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று. இரண்டுக்கும் சேர்த்து அந்த டின்னின் விலை ஆகவில்லை.

சரி, வருத்தம் ஒன்றும் இல்லாதவர் "எதுக்கும்" என்று போட்டால்? இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களை வைத்து, ஒரு பாதிக்குத் தினம் 1,000 மில்லிகிராம் கல்சியமும் 400 அலகு விட்டமின் டியும், மறு பாதிக்கு வெறும் போலிக் குளிசையும் கொடுத்தார்கள். சராசரி ஏழு வருடம். 2006இல் வந்த முடிவு: எலும்பின் அடர்த்தி கொஞ்சம் கூடியது, இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. 2022இல் 25,871 பேரிடம் விட்டமின் டியை மட்டும் பார்த்ததிலும், பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு முறிவு குறையவில்லை.

ஆனால் 1992இல் பிரான்ஸிலிருந்து வேறு கதை வந்திருந்தது. முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 வயதான பெண்களில் கல்சியமும் 800 அலகு விட்டமின் டியும் எடுத்தவர்களுக்கு 18 மாதத்தில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. அவர்கள் வெயில் காணாமல் உள்ளே இருந்தவர்கள், பலருக்கு விட்டமின் டி குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்களுக்குப் படுவது, குளிசை குறையை நிரப்பும், நிரம்பின பாத்திரத்தில் மேலும் ஊற்றிப் பயனில்லை என்பதுதான்.

அப்போ எங்களுக்குக் குறை இருக்கிறதா? வெயில் காய்கிற நாடுதான். இருந்தாலும் காலை ஏழரைக்கு வகுப்புக்குள் போனால் ஒன்றரைக்குத்தான் வெளியே வருகிறோம். உடம்பு முழுக்க மூடிய உடுப்பு. இது அபாயாவைக் குறை சொல்கிற பதிவல்ல, சாரி உடுத்துக் கந்தோரில் இருக்கிற பெண்ணுக்கும் இதே கதைதான். தோலின் நிறம் கூடக் கூட விட்டமின் டி உண்டாக அதிக நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயில் உதவாது. விடியக் காலை இளவெயிலிலும் பெரிதாகக் கிடைக்காது. எங்கள் நிழல் எங்களை விடக் குட்டையாக இருக்கிற நேரத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். வேலி அடைத்த வளவில் கை கால் திறந்து உடுப்புக் காயப்போடுகிற அந்தக் கொஞ்ச நேரமும் கணக்கில் சேரும்.

போடத்தான் வேண்டும் என்று டொக்டர் சொன்னால், போத்தலின் பின்பக்கத்தை வாசியுங்கள். 1,250 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றில் உள்ள கல்சியம் 500 தான். தரம் பத்துப் பிள்ளைக்கும் கணக்குப் போட வரும். பெரிய விலைக்கு விற்கிற பவளக் கல்சியமும் அதே காபனேற்றுத்தான், எங்கட சுண்ணாம்புக்கல்தான். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், ஒரே நேரத்தில் 500க்கு மேல் போட்டால் உடம்பு ஒழுங்காக உறிஞ்சாது. இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்க்கக் கூடாது என்பதை வயிற்றில் பிள்ளையோடு இருந்த காலத்தில் மிட்வைஃப் மிஸ் எங்கள் எல்லாருக்கும் சொல்லியிருப்பார். தைரொயிட் குளிசை போடுகிறவர்கள் நாலு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். நோன்பு காலத்தில் இது சிக்கல், ஆகவே நோன்புக்கு முன்பே டொக்டரிடம் நேரம் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒன்று என்று கொடுக்கிற 50,000 அலகு விட்டமின் டியைத் தினமும் விழுங்குவது விளையாட்டல்ல. இரத்தத்தில் கல்சியம் ஏறி, வாந்தி, தாகம், கடைசியில் கிட்னி வரை போகும்.

ஹலாலா என்று கேட்கிறவர்களுக்கு: விட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டு உரோமத்துக் கொழுப்பிலிருந்து எடுப்பது. பார்க்க வேண்டியது மேலே இருக்கிற ஜெலட்டின் கூடு. அது எந்த மிருகத்தினது என்று தெரியாவிட்டால் குளிசையாகவோ சொட்டு மருந்தாகவோ பாமசியில் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும்: முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, குரக்கன், முருங்கையிலை, பால், தயிர். எங்கட வீடுகளில் பால் பிள்ளைகளுக்கும் ஆம்பிளைகளுக்கும் போய், உம்மாவுக்கு மிஞ்சுவது பிளேன்டீ. அதை வீட்டில் இருக்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. எலும்பில் பெரும் பங்கு இருபது வயதுக்குள் கட்டி முடிந்துவிடுகிறது. எங்களுக்கு இனி இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வேலை, கட்டுகிற வயதில் இருப்பது எங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண் பிள்ளைகள். ஓடினால், குதித்தால்தான் எலும்பு இறுகும். நேரசூசியில் உடற்கல்வி இருக்கிறது, ஆனால் ஓ/எல் நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். இந்தத் தவணை அதைத் திருப்பித் தரச் சொல்லி நாங்கள் ஏழெட்டுப் பேர் கையெழுத்து வைத்து அதிபரிடம் கொடுத்திருக்கிறோம். கணித ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். பதில் இன்னும் வரவில்லை.