பிழை காணாத விடை



திடம், திரவம், வாயு என்று பொருளின் மூன்று நிலைகளை வகுப்பில் கற்பிக்கிறோம். நான்காம் நிலையும் ஒன்று உண்டு. வாயு மிகக் கடுமையாகச் சூடேறும்போது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிகின்றன, அதுவே பிளாஸ்மா. சூரியன் அத்தகைய பிளாஸ்மாக் கோளம். அதன் கொந்தளிப்பையும் காந்தப்புலத்தையும் கணிதத்தின் துணைகொண்டு வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர், அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் (1927–2022).

வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையிலேயே நீள்கிறது. அதனைத் தள்ளுவது எது? சூரியனின் வெளி வளிமண்டலம் பத்து இலட்சம் பாகைக்கும் மேல் வெப்பமுடையது. அதனை ஈர்ப்பு விசையால் முற்றாகப் பிடித்து வைக்க இயலாது. அது ஒலியைவிட வேகமாக விண்வெளியில் பாய்ந்துகொண்டே இருக்கும் என்று பார்க்கர் கணித்தார். அதற்குச் 'சூரியக் காற்று' என்று பெயரிட்டார்.

அக்கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர் இருவரும் நிராகரித்தனர். ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும், மதிப்பீட்டாளர் எவரும் கணிதத்தில் ஒரு பிழையையும் சுட்டிக்காட்டவில்லை என்பதைக் கண்டு, 1958இல் கட்டுரையை வெளியிட்டார். 1935இல் லண்டனில் எடிங்டன் என்ற பேரறிஞரால் தம் சொந்தக் கருத்து ஏளனம் செய்யப்பட்டதை அனுபவித்தவர் அவர்.

1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் சூரியக் காற்றை இடைவிடாது அளந்து உறுதிப்படுத்தியது. 2018 ஆகஸ்டு 12ஆம் நாள், பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டது. 91 வயதில் அவரே அதனை நேரில் கண்டார். 2024 டிசம்பரில் அக்கலம் சூரியனுக்கு ஏறத்தாழ 61 இலட்சம் கிலோமீட்டர் அருகில் சென்றது.

நாம் கற்பித்த வழியை விடுத்து வேறு வழியில் கணக்கைச் செய்த மாணவரின் தாளைத் திருத்தும்போதெல்லாம் நான் சந்திரசேகரை நினைத்துக்கொள்கிறேன். சிவப்பு மையால் கோடிடுவது எளிது. எந்த வரியில் பிழை என்று காட்ட முடிகிறதா என்பதே கேள்வி. காட்ட இயலாவிட்டால் மதிப்பெண் அம்மாணவருக்கு உரியது. வீட்டில் பிள்ளைகள் வியப்பான கருத்தொன்றைச் சொல்லும்போது, பெற்றோரும் "எப்படி அவ்வாறு கருதினாய்?" என்று முதலில் கேட்கலாமே.

சிந்திப்போம்.