வாயில் மணியும் தொலைபேசி மணியும்

வீட்டுக்கு வந்தவரை விருந்து என்று அழைத்துப் பழகிய நாவுக்கு, அவரிடம் பணம் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பது எளிதில் வசப்படும் காரியமன்று. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள் என்று ஆசிரியர்கள் வகுப்பிலே கூறக் கேட்டிருக்கிறோம். அந்தப் புதியவர் நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர், முற்பணம் செலுத்திய பதிவிலக்கத்துடனும் நனைந்த குடையுடனும் வாயிலிலே வந்து நிற்பார் என்பதை அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை. வந்தவரின் மனம் அனிச்ச மலரிலும் மென்மையானது என்று வள்ளுவர் வழிநின்று தேர்வுத் தாளிலே எழுதிப் புள்ளி பெற்றவன் நான். இன்று அவர்களுடைய மனவாட்டத்தை நட்சத்திரக் கணக்கிலே வாங்கிக்கொள்ளும் தொழிலில் இருக்கிறேன்.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையிலே ஓபன் என்றொரு சிறு துறைமுகப் பட்டினம் உண்டு. கிளாஸ்கோ நகரிலிருந்து புகைவண்டியிலே ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். மல் தீவுக்கும், அதற்கப்பால் கொலும்பா அடிகள் 563ஆம் ஆண்டிலே வந்திறங்கிய அயோனாத் தீவுக்கும் செல்வோர் இங்கிருந்துதான் கப்பலேறுவர். ஊருக்கு மேலே, குன்றின் உச்சியிலே, கூரையில்லாத வட்டவடிவான கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. உள்ளூர் வங்கியாளர் ஒருவர் 1897இல் அதனைக் கட்டத் தொடங்கினார். 1902இல் அவர் இறக்க, வேலையும் நின்றுபோயிற்று. தம் குடும்பத்தின் பெயர் நிலைக்கவேண்டும் என்பதோடு, குளிர்காலத்திலே வேலையற்றிருந்த கற்றச்சருக்குக் கூலி கிடைக்கவேண்டும் என்பதும் அவருடைய நோக்கமாம். கோடையிலே பிழைத்துக் குளிர்காலத்திலே காத்திருக்கும் ஊர் இது என்பதை அந்தக் கட்டடமே சொல்லிவிடுகிறது. நான் அதனைப் படம்பிடித்தேனேயன்றி, அது சொன்னதைக் கேட்கவில்லை.

கிளாஸ்கோவிலே பன்னிரண்டு ஆண்டுகள் சுயாதீன மொழிபெயர்ப்பாளனாகவும் உரைபெயர்ப்பாளனாகவும் வாழ்ந்தபின், 2023ஆம் ஆண்டிலே நானும் மனைவியும் ஓபனில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். எமக்கென்று ஓர் அறை, தங்க வருவோருக்கு நான்கு அறைகள், காலையுணவு உண்டு. எண்ணம் என்னவோ, சில்லறைக் கூலிக்கு உழைப்பதை மெல்லமெல்லக் கைவிட்டு, விடுதியையே நம்பி வாழ்வது என்பதுதான். ஆனால் வீட்டுக்குக் கடன் கொடுக்க வந்தவர்கள் விடுதியைப்பற்றி நான் வரைந்த கணக்குகளைத் திருப்பியும் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கான வருமான வரிக் கணக்கைக் கேட்டார்கள். அதிலே இருந்தது மொழிபெயர்ப்புக் கூலி மட்டுமே. ஆக, நான் விட்டுவிட எண்ணிய தொழிலே, நான் தொடங்க எண்ணிய தொழிலுக்குப் பிணை நின்றது.

பிணை நின்றவன் எளிதில் விடுபடுவதில்லை. குறுங்காலத் தங்கலுக்கு வீடு விடுவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்று ஸ்கொத்லாந்திலே 2022ஆம் ஆண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்பே தொழில் செய்தோருக்குத் தவணை கொடுத்தார்கள். எம்மைப் போன்ற புதியவர்கள் பத்திரம் கைக்கு வருமுன் ஒருவரையேனும் தங்கவைக்க இயலாது. எரிவாயுச் சோதனை, மின்சாரச் சோதனை, தண்ணீர்க் குழாய்களிலே கிருமி வளரும் ஆபத்து உண்டா என்ற மதிப்பீடு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டணத்தோடு வந்தது. அந்த மாதங்களிலே விரித்த கட்டில்கள் வெறுமையாய்க் கிடக்க, மாடியறையிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதிகளையும் ஆங்கிலத்திலே பெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன். வலிகாமத்துக் காணி ஒன்றின் நான்கு எல்லைகளை எழுதி முடித்துக் கிடைத்த கூலி, ஓபனிலே இரண்டு தலையணைகளுக்குப் போதுமாயிருந்தது.

2024ஆம் ஆண்டின் இளவேனிலிலே கதவைத் திறந்தோம். வேலையின் இயல்பை இங்கே சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் இரு தொழில் செய்வதைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மணித்தியாலங்களை மட்டுமே கூட்டிக் கழிக்கிறார்கள். முதற் கப்பலைப் பிடிக்க வேண்டியவர்கள் விடியுமுன் எழுவார்கள். அவர்களுக்கு முன்னரே குசினியிலே விளக்கு எரியவேண்டும். பத்தரை மணிக்கு அறைகள் வெறுமையாகும். விரிப்புகளை உரித்து, துவாய்களைத் துவைக்கப் போட்டு, தொட்டியிலே ஒட்டிய தலைமயிரைப் பொறுக்கி, மூன்று மணிக்குள் அந்த அறையிலே எவருமே இதற்குமுன் உறங்கியதில்லை என்ற தோற்றத்தை உண்டாக்கவேண்டும். காற்று மிகுந்து கப்பல் நின்றுவிட்டால் போகவேண்டியவர் போகமாட்டார். தீவிலிருந்து வரவேண்டியவர் வரமாட்டார். பணத்தைத் திருப்பித் தருவாயா என்று மட்டும் கேட்பார். பதிவுத் தளத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வீதம் போய்விடும்.

உணவிலும் சட்டம் உண்டு. ஒவ்வாமை தரக்கூடியவை என்று பதினான்கு பொருள்களை வகுத்து, அவற்றுள் எது கலந்தாலும் உண்பவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறார்கள். பாலும் முட்டையும் நிலக்கடலையும் அதிலே இருப்பது வியப்பன்று. கடுகும் எள்ளும் இருப்பதைக் கண்டபோது மனைவி சிரித்துவிட்டாள். அவள் செய்யும் உருளைக்கிழங்குப் பிரட்டலை மல் தீவுக்குப் பறவை பார்க்கப் போகும் முதியவர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்குவார்கள். எங்கள் அம்மாமார் கைவாக்கிலே அள்ளித் தாளிதத்திலே போட்ட கடுகு, எம் மேசையிலே தனிச்சீட்டில் பெயர் எழுதப்பட்டு நிற்கிறது.

இனி மற்றைத் தொழில். அது இருவகைப்பட்டது. எழுத்து வேலை, இரவிலே செய்யலாம், பாதியிலே நிறுத்தலாம். குரல் வேலை அவ்வாறன்று. வைத்தியசாலையிலோ சட்டத்தரணியின் அலுவலகத்திலோ ஆங்கிலம் அறியாத தமிழர் ஒருவர் அமர்ந்திருக்க, தொலைபேசி வழியாக இருபுறமும் உரைபெயர்க்கவேண்டும். கூட்டாதே, குறைக்காதே, கேட்டதை வெளியிலே சொல்லாதே என்பவை அதன் விதிகள். பேசுபவர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்லவேண்டும். தயாராயிருக்கிறேன் என்று கணினியிலே குறித்துவிட்டால் எந்த நிமிடத்திலும் அழைப்பு வரலாம். கூலியும் நிமிடக் கணக்கு. அறை விரிக்கும் இடைவெளியிலே இருபது நிமிடம் உழைத்துவிடலாம் என்ற ஆசையை ஊட்டுவது அந்தக் கணக்குத்தான்.

“இரண்டு தோணியிலை கால் வைக்கிறியள்” என்றாள் மனைவி. அவள் அப்போது முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றிலே இரவு வேலைக்கும் போய்வந்தாள். அவளுடைய தோணிகளை நான் எண்ணிக் காட்டியிருக்கலாம், வாயை மூடிக்கொண்டேன்.

என் அம்மாவின் நினைவு எனக்குத் துணிவு தந்தது என்பதையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலே எங்கள் வீட்டு விறாந்தை அறையிலே தீவுப்பகுதியிலிருந்து படிக்க வந்த பையன்கள் மூவர் தங்கியிருந்தார்கள். அம்மா அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். எஞ்சிய நேரத்திலே சிங்கர் இயந்திரத்திலே சட்டை தைத்தாள். ஒருவகையிலே அவளும் விடுதிக்காரியாகவும் துண்டு வேலைக்காரியாகவும் இருந்தவள்தான். சோறு போடும் வேளையிலே இயந்திரத்துக்குத் துணி போர்த்திவிடுவாள். “சட்டை நாளைக்கும் கிடக்கும், பெடியள் இண்டைக்குத்தான் பசிப்பாங்கள்” என்பாள். அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியாது என்று எண்ணினேன். அம்மாவுடைய இயந்திரம் அவள் துணி போர்த்தினால் பேசாமல் கிடந்தது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

2024 யூலை மாதத்திலே ஒரு காலை. முதற் கப்பலுக்குரியவர்கள் போய்விட்டார்கள். இன்னும் இருவர் ஒன்பதரை மணிக்கு உண்ண வருவார்கள். மனைவி வேலை முடிந்து திரும்பவில்லை. முந்திய மாதம் நீர்சூடாக்கியை மாற்றிய செலவு மனதிலே உறுத்த, தயாராயிருக்கிறேன் என்று குறித்திருந்தேன். மின்னடுப்பின் மேல்தட்டிலே பாண் துண்டுகளை வாட்ட வைத்த வேளையிலே அழைப்பு வந்தது. ஒரு வைத்தியர், ஒரு வயதான தமிழ்ப் பெண்மணி. முதற் சில நிமிடங்கள் பெயரும் பிறந்த திகதியுமாகக் கழிந்தன. குசினிக்கு அடுத்த சிற்றறையிலே நின்று பேசினேன். வாயில் மணி அடித்தால் கேட்கவேண்டும் என்று குசினிக் கதவைக் கதிரையொன்றால் அண்டை கொடுத்துத் திறந்து வைத்திருந்தேன்.

ஸ்கொத்லாந்திலே வீடுகளின் புகையுணர்த்தும் கருவிகள் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2022 பெப்ரவரி முதல் சட்டம். ஒன்று கூவினால் எல்லாம் கூவும். குசினியிலே மட்டும் புகைக்கன்றி வெப்பத்துக்கு விழிக்கும் கருவியை வைப்பார்கள். கருகிய பாணுக்காக வீடே அலறக்கூடாது என்பதே அதன் நோக்கம். நான் திறந்து வைத்த கதவு அந்த ஏற்பாட்டைப் பயனற்றதாக்கிற்று. புகை நடையை அடைந்தது. வீடு முழுவதும் ஒரே வேளையிலே கூவத் தொடங்கியது.

அப்பொழுது அந்த அம்மையார் பேசிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தயங்கி, பின்னர் தொடங்கிய பேச்சு அது. அவர் என்ன கூறினார் என்பதை நான் எழுதமாட்டேன். அது அவருக்கும் அவருடைய வைத்தியருக்கும் உரியது. எழுத முயன்றாலும் முழுமையாக எழுத இயலாது. ஏனெனில் ஒரு வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை. விதிப்படி, உரைபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுமாறு வேண்டுகிறார் என்று இரு மொழியிலும் சொன்னேன். சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: “தம்பி, அங்கை என்ன, நெருப்போ? முதலிலை அதைப் போய்ப் பாருங்கோ. நான் இருக்கிறன்.”

இந்தக் கேள்வி என்னைக் குறித்தது. ஆதலால் இதனை மட்டும் சொல்ல எனக்கு உரிமை உண்டென எண்ணுகிறேன். கேட்டதையெல்லாம் பெயர்க்கவேண்டும் என்பதனால் இதனையும் வைத்தியருக்குப் பெயர்த்தேன். அவர் ஒரு நிமிடம் தந்தார். அடுப்பை அணைத்து, யன்னலைத் திறந்து, நடையிலே துவாயை வீசிக் கருவியை அடக்கினேன். மாடியிலிருந்து இரவு உடையோடு இறங்கிவந்த இருவரிடமும் கைகூப்பினேன். திரும்பியபோது அந்த அம்மையார் காத்துக்கொண்டிருந்தார். முன்னர் சொன்னதை மீண்டும் சொன்னார். இரண்டாம் முறை அது குறுகியிருந்தது. முதல் முறை இருந்து இரண்டாம் முறை இல்லாமற்போனது யாது, அது அவருடைய வைத்தியத்துக்கு வேண்டியதா என்பதை நான் அறியேன். இனி அறியவும் மாட்டேன்.

அன்று தங்கியிருந்த இருவரும் எமக்கு ஐந்து நட்சத்திரம் இட்டார்கள். கருகிய பாணை நகைச்சுவையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். வேலை தந்த நிறுவனத்துக்கு நடந்ததை எழுதினேன். அமைதியான இடத்திலிருந்து பணிபுரிக என்று ஒற்றை வரியிலே பதில் வந்தது. அது நியாயமான வரி. இரு இடத்திலும் தண்டனை இன்றித் தப்பியதுதான் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. நட்டம் எவருடைய பேரேட்டிலும் பதியப்படவில்லை. விடுதியிலே நான் விற்பது கட்டிலையும் முட்டையையும் மட்டுமன்று. வந்தவர் மீது வைக்கும் கவனத்தையே. தொலைபேசியிலே விற்பதும் அதுதான். ஒரே பொருளை ஒரே வேளையிலே இருவருக்கு விற்றுவிட்டு, விலையை மட்டும் முழுதாக இரு பக்கமும் பெற்றுக்கொண்டேன். இதனை உழைப்பு என்று சொல்லிக்கொள்வது எளிது. புலம்பெயர்ந்த நாட்டிலே அப்படிச் சொல்வோரை எவரும் குறைகூறுவதில்லை.

அதன்பின் ஏப்பிரல் முதல் ஒக்ரோபர் வரை குரல் வேலையை நிறுத்திக்கொண்டேன். எழுத்து வேலை மட்டும் இரவிலே நடக்கிறது. யூன் மாதக் கடைசியிலே இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்திருப்பதால் உறக்கத்தை ஏமாற்றுவது அத்தனை கடினமன்று. ஆனால் எழுத்துக்கூலி குறைவு. கைக்கு வர ஒரு மாதமாகும். முதலாண்டிலே விடுதியின் நட்டத்தை மற்றைத் தொழிலின் வருமானத்திலே கழித்துக்கொள்ள வரிச்சட்டம் இடந்தந்தது. 2025இலே கழிப்பதற்கு அந்த வருமானமே மெலிந்துவிட்டது. நான்காம் அறைக்கு வர்ணம் பூசவில்லை. மனைவி இரவு வேலையை விடலாம் என்றிருந்த எண்ணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. என் மனச்சாட்சிக்கு அவள் கூலி கொடுக்கிறாள் என்பதை இருவரும் அறிவோம். அவள் ஒருமுறைதான் அதைச் சொன்னாள்.

குளிர்காலத்திலே நிலைமை வேறு. திசெம்பரிலே பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். அறைகள் வெறுமையாயிருக்கும். மூன்றாம் அறை வீதிக்கு எதிர்ப்புறமாயும் சுவர் தடித்ததாயும் இருப்பதனால் அங்கேயே அமர்ந்து அழைப்புகளை ஏற்கிறேன். விரித்த கட்டிலும் மடித்த துவாயும் எதிரே இருக்க, எங்கோ ஓர் ஊரிலே அமர்ந்திருக்கும் ஒருவருக்காக ‘நான்’ என்று பேசுகிறேன். வயதான பெண்குரல் கேட்கும்போதெல்லாம் மனம் சற்றே திடுக்கிடும். அந்த அம்மையாராக இருந்தாலும் நான் கேட்க இயலாது, விதி இடந்தராது.

குசினிச் சுவரிலே நாட்காட்டி தொங்குகிறது. தங்க வருவோருக்குச் சிவப்பு மை, அழைப்புகளுக்கு நீல மை. இவ்வாண்டு ஏப்பிரல் மாதத் தாளிலே இரு நிறமும் ஒரே கட்டத்திலே விழுந்த நாள் ஒன்று உண்டு. நெடுநாட்களுக்கு முன்னரே ஒரு சட்டத்தரணி கேட்டு, நான் வாக்குக் கொடுத்த அழைப்பு அது. அறைகளோ நான்கும் நிறைந்துவிட்டன. வேலைக்கு விடுப்பு எடுக்கிறேன் என்கிறாள் மனைவி. எடுக்கவேண்டாம் என்கிறேன். அந்தக் கட்டத்தைப்பற்றி நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.